போடாக்ஸ் ஊசிக்குச் சம்மதிக்கும் முன்

பயிற்சியாலும் மாத்திரையாலும் அடங்காத சிறுநீர்ப்பையின் அவசரத்தைத் தணிப்பதற்காக, அந்தப் பையின் சுவரிலேயே ஊசி வழியாகச் செலுத்தப்படும் போடாக்ஸ் என்னும் மருந்தைப் பற்றியும், அதனால் விளையக்கூடிய அபாயங்களைப் பற்றியும் இந்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். பகலெல்லாம் மணிக்கொரு தடவை எழுந்து ஓடியும், இரவில் உறக்கம் கலைந்து எழுந்தும், கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் ஆடை நனைந்துபோன அவமானத்தை எவரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாமலும், நெடுந்தூரப் பஸ் பயணத்துக்கும் கல்யாணப் பந்திக்கும் அஞ்சி வீட்டோடு ஒடுங்கிவிட்டவர்களுக்கு, ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டால் ஆறு மாத காலம் நிம்மதி கிடைக்கும் என்ற செய்தி எத்தகைய ஆவலை உண்டாக்கும் என்பதை நான் அறிவேன். அந்த ஆவல் நியாயமானது. இந்தச் சிகிச்சையும் பலருக்கு மெய்யாகவே பலன் தந்திருக்கிறது. ஆயினும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாளே நிறுத்திவிடலாம்; சில நாட்களில் அதன் விளைவும் விலகிவிடும். நரம்பின் முனைக்குள் ஒருமுறை புகுந்துவிட்ட இந்த மருந்தையோ, எந்த வைத்தியராலும் திரும்ப எடுக்க முடியாது. அதன் வேலையை நடுவழியில் முறிக்கக்கூடிய மாற்று மருந்தும் கிடையாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்து, அது தானாகத் தேய்ந்து தீரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். ஆகையால் யோசிக்க வேண்டியதை முழுவதும் ஊசிக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

மருந்தின் பூர்விகமும் அதன் வேலையும்

இந்த மருந்து பிறப்பால் ஒரு கொடிய விஷம் என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. கெட்டுப்போன இறைச்சிப் பண்டங்களைத் தின்றவர்கள் கண் இமை தாழ்ந்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்று மடிவதைக் கண்ட ஜெர்மானிய வைத்தியரும் கவிஞருமான யுஸ்டினஸ் கெர்னர், 1820-லும் 1822-லும் அந்த நோயை விவரித்து நூல்கள் எழுதியதோடு, வரம்பு மீறித் துள்ளும் நரம்புகளை அடக்குவதற்கு இதே விஷம் சிறிய அளவில் ஒருநாள் மருந்தாகக்கூடும் என்றும் ஊகித்தார். 1895-ல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில், இறுதிச் சடங்கில் வாத்தியம் வாசித்துவிட்டுப் பன்றித் தொடை இறைச்சியை உண்ட இசைக் குழுவினர் நோயுற்றபோது, அந்த இறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் விஷத்தைச் சுரக்கும் கிருமியை இனங்கண்டார். கெர்னரின் ஊகம் பலிப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஸான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பிரயோகித்ததன் பயனாக 1989-ல் அமெரிக்க அரசு இதை மருந்தாக அங்கீகரித்தது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் சிறுநீர்ப்பைத் தசைக்குள் இதைச் செலுத்திப் பார்த்த முடிவுகளை 2000-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பிரிகிட்டே ஷுர்ஷ் வெளியிட்டார். நரம்பு நோயால் விளையும் சிறுநீர்ப்பைக் கோளாறுக்கு 2011-லும், நரம்பு நோயில்லாமலே பை காரணமின்றித் துடிக்கும் சாதாரண மிகையியக்கத்துக்கு, மாத்திரை பலன் தராதபோதும் ஒத்துக்கொள்ளாதபோதும் போட, 2013 ஜனவரியிலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

சிறுநீர்ப்பையின் தசை சுருங்க வேண்டுமானால், நரம்பின் முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளிப்பட்டுத் தசைக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். போடாக்ஸ் நரம்பின் முனைக்குள் புகுந்து, அந்த ரசாயனம் வெளியேறும் வழியைத் துண்டித்துவிடுகிறது. உத்தரவு குறைந்ததும் காரணமில்லாத துடிப்பு அடங்குகிறது. பை நிதானமாக நிரம்ப இடம் கிடைக்கிறது. நன்மை எந்த வாசல் வழியாக வருகிறதோ, பிரதானமான அபாயமும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தறிகெட்டு ஓடும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் ஓட்டம் நிற்கும்; இறுக்கம் ஒரு பிடி அதிகமாகிவிட்டால் மாடு வண்டியை இழுக்கவும் மறுத்துவிடும். சிறுநீரை அடக்க முடியாதவருக்கு அடக்கும் திறன் திரும்புகிறது; சிலருக்கு அதோடு, சிறுநீரை முழுவதுமாக வெளியேற்றும் திறன் கொஞ்ச காலத்துக்குக் குன்றிவிடுகிறது. அழகுக்காக நெற்றியில் போடப்படும் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டு விஷம் என்று நடுங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்த்து அஞ்சுகிறார்கள். அஞ்சத்தக்கவை சிறுநீர் தேங்குவதும் அதைத் தொடர்ந்து கிருமித் தொற்று ஏற்படுவதுமே.

ஊசி போடும் முறை

ஊசி போடும் நாளில் சிறுநீரில் தொற்று இல்லை என்பதைப் பரிசோதனையால் உறுதிசெய்துகொண்ட பிறகே காரியம் தொடங்க வேண்டும். தொற்று இருந்தால் அன்றைய ஊசியை ஒத்திப்போடுவதே முறை. ஊசிக்கு 1 முதல் 3 நாள் முன்பும், ஊசி போடும் அன்றும், பிறகு 1 முதல் 3 நாளும் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பது வழக்கம். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைந்தது 3 நாளைக்கு முன்பு அதை நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் இருதயத்துக்காகச் சாப்பிடும் மருந்தை இருதய வைத்தியரைக் கேளாமல் ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது.

நோயாளியைப் படுக்கவைத்து, மெல்லிய குழாய் வழியாக மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் திரவத்தைப் பைக்குள் விட்டுச் சிறிது நேரம் வைத்திருந்து வடிக்கிறார்கள். சிலருக்கு லேசான மயக்க மருந்தும் கொடுப்பதுண்டு. பிறகு கண்ணாடி வில்லை பொருத்திய சிஸ்டோஸ்கோப் என்ற கருவி மூத்திரத் துவாரம் வழியாக உள்ளே செல்கிறது. அதன் ஊடாக நீளும் மெல்லிய ஊசி, பையின் சுவரில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 20 இடங்களில் அரை மில்லிலிட்டர் வீதம் மருந்தை இறக்குகிறது. மொத்த அளவு 100 யூனிட். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் திறக்கும் முக்கோணப் பகுதியைச் சாதாரணமாகத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு குத்தும் சுருக்கென்று தெரியும். மொத்த வேலையும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதன் பின் குறைந்தது அரை மணி நேரம் கண்காணிப்பில் இருந்து, சிறுநீர் கழித்துக் காட்டிய பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். முதல் இரண்டொரு நாள் சிறுநீர் செந்நிறமாகத் தெரிவதும், கழிக்கும்போது எரிவதும் பெரும்பாலும் தாமாக அடங்கிவிடும். ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, சிறுநீரே வராமல் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பலன் சாதாரணமாக இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும்; உபத்திரவமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தலைகாட்டும்.

முதல் அபாயம்: சிறுநீர் தேங்குதல்

அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான பரிசோதனைகளில், 100 யூனிட் மருந்து பெற்றவர்களில் 6.5 சதவிகிதத்தினர், அதாவது நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பேர், சிறுநீரைக் கதீட்டர் என்னும் குழாயால் வடிக்க வேண்டியதாயிற்று; மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் அது 0.4 சதவிகிதமே. அவ்வாறு குழாயைப் பயன்படுத்தியவர்களில் சரிபாதிப் பேருக்கு அந்த அவசியம் 63 நாளுக்குள் தீர்ந்தது. மற்றப் பாதிக்கு அதற்கு மேலும் நீடித்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சிறுநீர்த் தேக்கம் 12.3 சதவிகிதமாகவும், அந்நோய் இல்லாதவர்களிடம் 6.3 சதவிகிதமாகவும் இருந்தது. சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு குடிபுகுந்துவிட்ட நம் நாட்டில் இந்தக் கணக்கை எவரும் அலட்சியமாகக் கடந்து போகலாகாது. நெடுங்காலச் சர்க்கரை, பையின் நரம்புகளை முன்பே தளர்த்தி வைத்திருப்பதால் அதன் மேல் இந்த மருந்தின் தளர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பரிசோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை ஏற்கெனவே நெருக்கியிருக்கும் ஆண்களுக்கு இந்த அபாயத்தை இன்னும் கண்டிப்பாக எடைபோட வேண்டும்.

தேக்கம் எப்பொழுதும் நேர்வழியில் தன்னை அறிவிப்பதில்லை என்பதே இதில் மிகவும் கவனிக்க வேண்டிய சங்கதி. முற்றிலும் அடைத்துவிட்டால் வயிறு கனத்து வலிக்கும்; யாரும் தாமதிக்க மாட்டார்கள். பாதி காலியாகிப் பாதி தேங்கும்போதோ, மிச்சமிருப்பதன் மேல் கொஞ்சம் சேர்ந்ததுமே பை நிரம்பிவிடுவதால், அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, சிறிது சிறிதாகவே வருகிறது, சில வேளை சொட்டுச் சொட்டாக ஒழுகவும் செய்கிறது. பழைய நோய்க்கும் இதே அடையாளங்கள்தானே! ஆகவே ஊசி பலிக்கவில்லை, நோய் திரும்பிவிட்டது என்று நோயாளி எண்ணிக்கொண்டு, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்து விழுங்கினால், அந்த மாத்திரையும் தசையைத் தளர்த்தும் இனத்தைச் சேர்ந்தது ஆகையால் தேக்கம் அதிகமாகிறது. ஊசிக்குப் பின் சிறுநீரின் வேகம் தணிவது, முக்கிக் கழிக்க வேண்டியிருப்பது, போய் வந்த பிறகும் பாக்கி இருப்பதாகத் தோன்றுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும், மாத்திரையை நாடாமல் மிச்சத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

அந்த அளவை ஊசிக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு முறையும், பிறகு 12 வாரம் வரையில் வைத்தியர் சொல்லும் இடைவெளிகளிலும் எடுக்க வேண்டும். இதற்கு வலியோ ஊசியோ இல்லை. கழித்து முடித்தவுடன் அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்ப்பதே போதும். ஆனால் ஸ்கேன் நிலையங்களில் நடக்கும் ஒரு பிசகைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, பை புடைக்கும்வரை காக்கவைத்து, பிறகு வரிசையில் நிற்பவர்களின் அவசரத்துக்கு நடுவே, பழக்கமில்லாத கழிவறையில் போய்விட்டு வரச் சொன்னால், நல்ல ஆரோக்கியமுள்ளவருக்குக்கூட முழுவதும் வெளியேறாமல் மிச்சம் அதிகமாகத் தெரியக்கூடும். ஆகையால் வழக்கமான உந்துதல் வந்ததும், நிதானமாக அமர்ந்து, கழித்து முடித்துச் சில நிமிஷம் கழித்து மறுபடியும் ஒரு தடவை முயன்ற பிறகு அளவு எடுத்துக்கொள்வதே சரியான முறை. மிச்சம் 200 மில்லிலிட்டரைத் தாண்டி, கூடவே உபாதையும் இருந்தால் குழாயால் வடிக்கத் தொடங்குவது பொதுவான வழக்கம்.

கதீட்டரைக் கற்றுக்கொள்ளுதல்

கதீட்டர் என்றதும் படுக்கையோடு கிடக்கும் நோயாளியின் காலில் கட்டித் தொங்கவிட்ட பையே பலருக்கு நினைவில் எழுகிறது. இங்கே பேசப்படுவது அதுவன்று. தேவையானபோது தாமே உள்ளே செலுத்தி, வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் மெல்லிய குழாய். 1970-களின் தொடக்கத்தில் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லேபிடீஸ் என்ற வைத்தியர், ஆபரேஷன் அறையின் பூரணக் கிருமிநீக்கம் இதற்கு அவசியமில்லை, சுத்தமான கையும் ஒழுங்கான நேரமுமே போதும் என்று காட்டி, இம்முறையைச் சாமானியர்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பை அளவு மீறிப் புடைத்திருப்பதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம் என்பது அவருடைய வாதம்.

செய்முறை இதுதான்: கைகளை சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். பெண்களானால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துச் சுத்தம் செய்து, கால்களைச் சற்று அகற்றி உட்கார்ந்து, முதல் சில நாளைக்குச் சிறு கண்ணாடியின் உதவியால் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு, வழவழப்பான ஜெல் தடவிய குழாயை மெதுவாகச் செலுத்த வேண்டும். பெண்களின் மூத்திர வழி 4 சென்டிமீட்டர் அளவே ஆகையால் சீக்கிரம் சிறுநீர் வரத் தொடங்கிவிடும். ஆண்களுக்கு வழி நீளம், ஆகையால் ஆண்குறியை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, பொறுமையாகச் செலுத்த வேண்டும். தடை தட்டினால் பலவந்தம் கூடாது. மூச்சை இழுத்து விட்டு, உடலைத் தளர்த்திக்கொண்டு மறுபடி முயல வேண்டும். ஓட்டம் நின்றதும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் அடியில் தங்கிய கடைசி மிச்சமும் வந்துவிடும். குழாயைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் மூட்டுவாதத்தால் மடங்கியவர்களும், பார்வை மங்கியவர்களும், வீட்டில் இந்த உதவியைச் செய்ய மகளோ மருமகளோ இசைவார்களா, அதைக் கேட்கத் தம் மனம் துணியுமா என்பதை ஒளிவுமறைவில்லாமல் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த வித்தையை ஊசிக்கு முன்பே ஒரு நர்ஸிடம் ஒரு தடவையேனும் செய்து பழகிக்கொள்ளும்படி நான் வற்புறுத்திச் சொல்வேன். வலியும் பீதியுமாக நடுராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில் கற்றுக்கொள்ளத் தக்க காரியமன்று இது.

இரண்டாவது அபாயம்: கிருமித் தொற்று

மேற்சொன்ன பரிசோதனைகளில் முதல் 12 வாரத்துக்குள் சிறுநீர்த் தொற்று கண்டவர்கள் மருந்து பெற்றோரில் 18 சதவிகிதம், வெற்று ஊசி பெற்றோரில் 6 சதவிகிதம். எண்ணிக்கையில் எல்லா அபாயங்களையும் மிஞ்சுவது இதுவே. எரிச்சல், துர்நாற்றம், கலங்கிய சிறுநீர், அடிவயிற்று வலி ஆகியவை சாதாரண அடையாளங்கள்; குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்புறத்தில் வலியும் கண்டால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம் என்று கருதித் தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும். வயோதிகர்களிடம் காய்ச்சல் இல்லாமலே சோர்வும் புத்தித் தடுமாற்றமும் மட்டும் தெரிவதுண்டு. எந்த உபாதையும் இல்லாமல் பரிசோதனைக் காகிதத்தில் மட்டும் கிருமி தெரிந்தால், குறிப்பாகக் குழாய் பயன்படுத்துகிறவருக்கு, அதற்கென்று மருந்து அவசியமா என்று கேட்டுத் தெளிவது நல்லது. வீணாக உட்கொண்ட ஆன்டிபயாடிக், பின்னால் மெய்யான தொற்று வரும்போது பயன்படாமல் போகும்.

இந்த இடத்தில் நம் ஊர் நோயாளிகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஊசி மருந்துகளைப் போடுவது இங்கே சர்வசாதாரணம். அந்த இனத்து மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான உத்தரவைத் தாமும் தடுக்கும் குணமுடையவை. போடாக்ஸின் விளைவை அவை மிகுதிப்படுத்தக்கூடும். ஊசிக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் தற்காப்பு மருந்தாக அந்த இனம் கூடாதென்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. ஆகையால் தொற்றுக்கென்று வேறொரு வைத்தியரிடமோ, ஊரிலுள்ள சிறிய கிளினிக்குக்கோ போக நேர்ந்தால், போடாக்ஸ் போட்டுக்கொண்ட தேதியை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

அரிதான ஆனால் கடுமையான அபாயம்

செலுத்திய இடத்தை விட்டு மருந்து வேறு உறுப்புகளுக்குப் பரவக்கூடும் என்ற எச்சரிக்கையை, மருந்தின் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும்படி 2009-ல் அமெரிக்க நிர்வாகம் உத்தரவிட்டது. சிறுநீர்ப்பைக்கு உரிய 100 யூனிட் அளவில் இது மிக அரிது. எனினும் அறிந்திருக்க வேண்டியது. ஊசிக்குச் சில மணி நேரத்திலிருந்து சில வாரம் வரையில் எப்பொழுது வேண்டுமானாலும், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், குரல் மாற்றம், இமை தாழ்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல், உடல் முழுதும் தசைச் சோர்வு ஆகியவை தோன்றினால், அது சிறுநீர் வைத்தியரின் அடுத்த தேதிக்குக் காத்திருக்கும் விஷயமன்று. அந்தக் கணமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். உடலில் தடிப்பு, முகவீக்கம் போன்ற ஒவ்வாமைக் குறிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் ஒன்றல்ல; ஆகவே மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காகவோ முகச் சுருக்கத்துக்காகவோ இதே இன ஊசியை வேறிடத்தில் போட்டுக்கொள்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் எல்லாம் சேர்ந்து 400 யூனிட்டைத் தாண்டலாகாது. அடுத்த ஊசிக்கும் முந்தியதற்கும் இடையில் குறைந்தது 12 வாரம் கழிய வேண்டும்.

யாருக்குக் கூடாது, யாருக்கு அதிகக் கவனம்

இந்த மருந்து முன்பு ஒவ்வாமை செய்தவர்களுக்கும், ஊசி போடும் சமயத்தில் சிறுநீர்த் தொற்று உள்ளவர்களுக்கும், கழித்த பின் 200 மில்லிலிட்டருக்கு மேல் தேங்கியும் குழாயால் வடிக்காதவர்களுக்கும் இது கூடாது. மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்கு. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களும் அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் கணக்கும் வேறு: அவர்களுக்கு அளவு 200 யூனிட். மார்பின் மேற்பகுதி வரை தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊசி போடும்போதே ரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வியர்த்துக் கொட்டக்கூடும். அத்தகையவர்கள் உடனடியாகச் சிகிச்சை செய்ய வசதியுள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

அபாயத்தை மட்டும் தனியே எடுத்து எடைபோடுவது நியாயமாகாது. மற்ற வழிகளின் பலனோடும் தீங்கோடும் வைத்துப் பார்க்க வேண்டும். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில் 249 பெண்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினசரி மாத்திரையும் மற்றவர்களுக்கு ஒரே தடவை 100 யூனிட் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். கசிவு குறைந்த அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கசிவு அறவே நின்றவர்கள் மாத்திரையில் 13 சதவிகிதம், ஊசியில் 27 சதவிகிதம். வாய் உலர்ந்து வருந்தியவர்கள் மாத்திரையில் 46, ஊசியில் 31 சதவிகிதம். தொற்றோ மாத்திரையில் 13, ஊசியில் 33 சதவிகிதம். இரண்டாம் மாதத்தில் குழாய் தேவைப்பட்டவர்கள் ஊசியில் 5 சதவிகிதம், மாத்திரையில் ஒருவருமில்லை. இடுப்பெலும்பருகே உள்ள நரம்பைச் சிறு கருவியால் தூண்டும் சிகிச்சையோடு 200 யூனிட் ஊசியை ஒப்பிட்ட 2016-ஆம் வருஷத்துப் பரிசோதனையிலும் இதே போக்கு தெரிந்தது: கசிவைக் குறைப்பதில் ஊசி சற்று மேல், தொற்றில் ஊசிக்கு 35 சதவிகிதம், கருவிக்கு 11 சதவிகிதம். கருவிக்கு ஆபரேஷன் வேண்டும், செலவும் பெரிது. மாத்திரைக்கு வாய் உலர்தலும் மலச்சிக்கலும் உண்டு. சில வகை மாத்திரைகள் வயோதிகர்களின் ஞாபகசக்திக்கு உகந்தவையல்ல. தீங்கே இல்லாத வழி சிறுநீரை அடக்கும் பயிற்சியும் அடியிடுப்புத் தசைப் பயிற்சியுமே. முந்திய அத்தியாயங்களில் சொன்ன அவற்றை மனமார மூன்று மாதமாவது செய்து பார்க்காமல் ஊசிக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

1. கழித்த பின் எனக்கு இப்பொழுது எவ்வளவு மிச்சம் தங்குகிறது? அந்த எண்ணை அறியாமல் ஊசிக்கு உடன்பட வேண்டாம்.

2. எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை யூனிட்? முதல் தடவை 100 யூனிட்டுக்கு மேல் சொன்னால் காரணம் கேட்க வேண்டும்.

3. இரண்டு வாரத்துக்குள் மிச்சத்தை அளக்க எந்தத் தேதியில் வர வேண்டும்? அந்தத் தேதியை ஊசிக்கு முன்பே குறித்து வாங்க வேண்டும். அந்த வாரத்தில் தூரப் பயணமோ விசேஷமோ வைத்துக்கொள்ளலாகாது.

4. குழாயைப் பயன்படுத்த எனக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? மாதத்துக்கு எவ்வளவு செலவாகும்?

5. இரவில் சிறுநீர் அடைத்துவிட்டால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது?

6. ஆறு மாதத்தில் பலன் தேய்ந்தபின் மறுபடி போட வேண்டிவந்தால், அந்தச் செலவையும் அலைச்சலையும் ஆண்டாண்டாகத் தாங்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வைத்தியர் கிடைத்தால் பாதி அபாயம் குறைந்தது என்று கொள்ளலாம். மற்றப் பாதி நோயாளியின் மனத்தைப் பொறுத்தது. சில வாரம், சில மாதம் குழாயோடு வாழ நேர்ந்தால் அதற்கு நான் தயாரா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, தயார் என்று உள்ளம் சொன்னால், தொற்றையும் தேக்கத்தையும் கண்காணிக்கும் ஒழுங்கும் இருந்தால், ஊசியைத் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்தக் குழாய் தேவைப்படுவதே இல்லை. குழாய் என்ற எண்ணத்தையே சகிக்க முடியாது என்று உள்ளம் சொன்னால், அது கோழைத்தனமன்று; தம்மைப் பற்றித் தாமே தெரிந்துகொண்ட ஓர் உண்மை. அத்தகையவர் வேறு மாத்திரையையோ நரம்புத் தூண்டலையோ பற்றி வைத்தியரிடம் பேசலாம். சிறுநீர்ப்பையின் மிகையியக்கம் மனிதனை வாட்டுமேயன்றி உயிரை மாய்க்கும் நோயன்று. ஆகையால் இன்றே போட்டாக வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும், வீட்டாரோடு கலந்து யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்து வருவதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் பூரண உரிமை உண்டு. அந்த உரிமையைக் கூச்சமின்றிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.